நிறுத்தும் எண்ணை முதலில் எழுதுங்கள்: கடல் கிணற்று வேலைக்கு ரிஸ்க் அசெஸ்மென்ட் எழுதும் முறை

சுங்கை சிப்புட்டில் நான் விடுப்பில் இருக்கும் இரண்டு வாரமும் யாராவது ஒரு தம்பி வீட்டுக்கு வந்துவிடுகிறான். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார் அல்லது மில்லில் இருக்கிறார், மகன் கடல் வேலைக்குப் போகுமுன் எடுக்க வேண்டிய பொசியட் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டு கெர்த்தேயிலிருந்து ஹெலிகாப்டர் ஏறக் காத்திருக்கிறான், "அண்ணே, அடுத்து என்ன படிக்கணும்?" என்று கேட்கிறான். தண்ணீருக்குள் கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து வெளியே வரும் வித்தையைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ரிக்கில், அதாவது கடலில் கிணறு தோண்டும் மேடையில், ஏறிய முதல் வாரத்திலேயே உங்கள் முன் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்வார்களே, அந்த ரிஸ்க் அசெஸ்மென்ட் (அபாய மதிப்பீடு) தாளை எப்படிப் படிப்பது, எப்படி எழுதுவது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மில்லில் வேலை செய்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும், ஏனென்றால் எனக்கு இது முதலில் புரிந்ததே அப்பா வேலை செய்த மில்லில்தான்.

அப்பா ஸ்டெரிலைசர் பக்கம் இருந்தார். பழக்குலையை நீராவியில் வேகவைக்கும் அந்தப் பெரிய உருளையின் கதவைத் திறப்பதற்கு முன் பிரஷர் கேஜில் முள் பூஜ்யத்துக்கு வந்திருக்க வேண்டும். அப்பா அதைப் பார்த்துவிட்டு, அப்புறம் கதவுப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குழாயையும் திறந்து, நீராவி வருகிறதா என்று பார்ப்பார். கேஜ் பூஜ்யம் காட்டும்போது குழாயிலிருந்து புஸ்ஸென்று வந்தால் கதவைத் தொட மாட்டார். "ரெண்டு சாட்சி ரெண்டு விதமா பேசினா, கெட்ட செய்தி சொல்றவனை நம்புடா" என்பார். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

முதலில் கிணறு என்ன செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும்

வேலை தெரியாமல் அபாயம் எழுத முடியாது. பூமிக்குள் பாறையில் எண்ணெயும் எரிவாயுவும் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கின்றன. நாம் துளை போட்டால் அவை மேலே வரத்தான் பார்க்கும். அவற்றை உள்ளேயே அமுக்கி வைப்பது கிணற்றில் நிற்கும் மட், அதாவது எடை கூட்டிய சேறு. அதன் எடைதான் முதல் தடுப்பு. கிணற்றின் தலையில் உட்கார்ந்திருக்கும் பிஓபி என்ற பெரிய வால்வு அடுக்கு இரண்டாவது தடுப்பு.

கணக்கு எளிது: 0.052-ஐ ஒரு கேலன் சேற்றின் பவுண்டு எடையால் பெருக்கி, அதை அடி ஆழத்தால் பெருக்கினால் அடியில் விழும் அழுத்தம் பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) கணக்கில் கிடைக்கும். 10,000 அடியில் 10 பவுண்டு சேறு நின்றால் 5,200 பிஎஸ்ஐ. அதே கிணற்றில் சேற்றை எடுத்துவிட்டுக் கடல் தண்ணீரை விட்டால், அது கேலனுக்கு 8.6 பவுண்டுதான் என்பதால், ஏறத்தாழ 4,470 பிஎஸ்ஐ. பாறையின் அழுத்தம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால், சேறு இருக்கும்வரை அமைதியாக இருந்த கிணறு தண்ணீர் விட்டதும் பேச ஆரம்பிக்கும். இந்தக் கணக்கைத் துளை போடும் வேலையை நடத்தும் டிரில்லர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது, பைப் தூக்கும் ரஃப்னெக்கும் ஒருமுறையாவது தன் கையால் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

வேலையைப் பிரியுங்கள், கை எங்கே படுகிறது என்று பாருங்கள்

தாளை எடுத்ததும் பழைய தாளைப் பார்த்துக் காப்பியடிக்கும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். வேலை செய்யப்போகிறவர்களைக் கூட்டி, இடத்துக்கே நடந்து போய், ஒன்றன்பின் ஒன்றாக என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வையுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதன் பார்க்கிறானா, படிக்கிறானா, திருகுகிறானா, முடிவெடுக்கிறானா என்று குறியுங்கள். அந்த இடங்களில்தான் தப்பு நடக்கும். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இதை இவன் தப்பாகச் செய்துவிட்டால், அது தப்பு என்று யாருக்கு, எத்தனை நிமிடத்தில் தெரியும்? "யாருக்கும் தெரியாது" என்று பதில் வரும் படிக்குப் பக்கத்தில் பெரிய வட்டம் போடுங்கள். உங்கள் நேரத்தில் பாதியை அந்த வட்டங்களுக்குக் கொடுங்கள், மீதிப் படிகளை வேகமாகத் தாண்டலாம்.

"கவனமாக இருக்கவும்" என்று கட்டுப்பாடு என்ற கட்டத்தில் எழுதாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். விடியற்காலை நாலு மணிக்கு, பன்னிரண்டு மணி நேர ஷிப்டின் நடுவில், கவனம் என்பது ஒருவன் வேண்டும் என்று நினைத்தால் வந்துவிடும் பொருள் இல்லை.

தப்பு நாலு வகை

மனிதத் தவறு என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. கை தவறுவது ஒன்று: பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு வால்வு இருந்தால் மாற்றித் திறப்போம். இதற்குப் பயிற்சி வகுப்பு வைத்துப் பயன் இல்லை, வால்வுக்கு நிறம் மாற்றுங்கள், பெயர் எழுதுங்கள், பூட்டுப் போடுங்கள். மறந்து போவது இன்னொன்று: இதற்குச் சரிபார்ப்புப் பட்டியல், அதுவும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் செய்கிற மாதிரி. மூன்றாவது, தெளிவாக யோசித்தே தப்பான முடிவுக்கு வருவது. நான்காவது, விதி தெரிந்தே மீறுவது. அங்கே ஆளைத் திட்டுவதற்கு முன், அந்த விதியைப் பின்பற்றினால் வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும், அந்த நேரத்தை மேலதிகாரி கொடுக்கிறாரா என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் கிணற்றில் ஆளைக் கொல்வது. ஆனால் முதல் இரண்டையும் லேசாக நினைக்காதீர்கள், என் கதையைச் சொல்கிறேன்.

கிணற்றிலிருந்து பைப்பை வெளியே இழுக்கும்போது, வெளியே வந்த இரும்பின் அளவுக்குச் சேறு உள்ளே போக வேண்டும். 5 அங்குலப் பைப் ஐந்து ஸ்டாண்ட் (ஒரு ஸ்டாண்ட் என்பது மூன்று பைப் சேர்ந்த நீளம்) வந்தால், கிட்டத்தட்ட மூன்றரை பீப்பாய். அதை, இப்படி உள்ளே போகும் சேற்றை அளக்கும் தொட்டியான டிரிப் டேங்கில் பார்த்து ஒரு தாளில் எழுதி வர வேண்டும். குறைவாகப் போனால், மீதி இடத்தை வேறு ஏதோ நிரப்புகிறது என்று அர்த்தம், அது அடியிலிருந்து வருகிற வாயுவாக இருக்கலாம். அன்றைக்கு அந்தத் தாள் என் கையில் இருந்தது. நள்ளிரவிலிருந்து எல்லா எண்ணும் சரியாகவே வந்துகொண்டிருந்தன, நாலு மணிவாக்கில் நான் டேங்கைப் பார்ப்பதற்கு முன்பே மூன்றரை என்று எழுத ஆரம்பித்திருந்தேன். பொய் எழுத நினைக்கவில்லை, வர வேண்டிய எண் கண்ணுக்குள் இருந்ததால் அதுவே கையில் வந்துவிட்டது. டிரில்லர் கிளந்தான்காரர், வயதானவர், டேங்கின் மட்டத்தை அவரே தன் திரையில் பார்த்துவிட்டு, "பெர்ஹெந்தி டுலு", முதலில் நிறுத்து, என்று மலாயில் சொன்னார். நிறுத்தினோம். பம்ப் ஓடாத நேரத்திலும் கிணறு மெல்ல வழிந்துகொண்டிருந்தது. பிஓபியை மூடி, பைப்பை அடிவரை திரும்ப இறக்கி, உள்ளே வந்ததைச் சுற்றி வெளியேற்ற ஒரு நாளுக்கு மேல் ஆனது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. யாருக்கும் அடியில்லை, ஆனால் அந்த மூன்றரை என்ற எழுத்து இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு நான் எழுதும் எந்தத் தாளிலும் வர வேண்டிய எண்ணை ஒருவரும், வந்த எண்ணை வேறொருவரும் எழுத வேண்டும் என்று போடுகிறேன். இரண்டாமவருக்கு முதல் எண் தெரியக் கூடாது. சின்ன ஏற்பாடுதான், செலவே இல்லை.

ஐந்துக்கு ஐந்து கட்டம்

நம் மலேசியாவில் வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஜேகேகேபி 2008-இல் வெளியிட்ட ஹிராக் என்ற அபாய மதிப்பீட்டு வழிகாட்டியில் இருப்பது இதுதான்: நடக்கும் வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து, விளைவின் கொடுமைக்கு ஒன்று முதல் ஐந்து, பெருக்கினால் 15-லிருந்து 25 வரை சிவப்பு, 5-லிருந்து 12 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. 1994-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து ரிஸ்க் அசெஸ்மென்ட் செய்வது முதலாளியின் சட்டக் கடமை, மில்லுக்கும் இது பொருந்தும், உடனடி ஆபத்து இருந்தால் தொழிலாளி விலகிப்போகவும் அதில் உரிமை இருக்கிறது.

கட்டம் நல்ல கருவிதான். ஆனால் கிணற்று வெடிப்புக்கு விளைவு எப்போதும் ஐந்து, அதைக் குறைக்க முடியாது, அதனால் சிவப்பு வேண்டாம் என்பவர்கள் வாய்ப்பைக் குறைக்கிறார்கள். "இங்கே இது நடந்ததே இல்லை" என்று ஒன்று போட்டால் ஐந்தே மதிப்பெண், மஞ்சளின் அடிமட்டம், வேலை ஓடும். நான் செய்வது என்னவென்றால், விளைவு ஐந்தாக இருக்கும் எந்த வரிக்கும் பெருக்கலைப் பார்ப்பதில்லை. எத்தனை தடுப்பு நிற்கிறது, ஒவ்வொன்றையும் கடைசியாக யார், எப்போது, எப்படிச் சோதித்தார் என்று பெயரும் தேதியும் கேட்பேன். பெயர் இல்லாத தடுப்பை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டேன்.

இதற்கு மொண்டாரா கிணற்றைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் பக்கம் திமோர் கடலில், 2009 ஆகஸ்ட் 21-இல் வெடித்து 74 நாள் எண்ணெய் கொட்டியது. ரிக்கில் இருந்த 69 பேரும் உயிரோடு வெளியேறினார்கள் என்பது பெரிய ஆறுதல். அடியில் போட்ட சிமென்ட் சரியாக நிற்கவில்லை, அதைச் சொன்ன அறிகுறிகளை யாரும் சரியாகப் படிக்கவில்லை. மேலே இரண்டு அழுத்த மூடிகள் இருக்கும் என்று திட்டம், அதில் ஒன்று போடப்படவே இல்லை. மாதங்கள் கழித்து ரிக் திரும்பி வந்தபோதுதான் அது இல்லை என்று தெரிந்தது. பிறகு மற்ற மூடியையும் வேலைக்காகக் கழற்றிவிட்டு, திரும்பப் போடாமல் விட்டார்கள். தாளில் மூன்று தடுப்பு, கிணற்றில் ஒன்றும் இல்லை. போய்ப் பார், தொட்டுப் பார், அப்புறம் டிக் போடு.

நிறுத்தும் எண்

இதற்காகத்தான் முழுக் கட்டுரையையும் எழுத உட்கார்ந்தேன்.

2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடா, மக்கோண்டோ கிணறு, டீப்வாட்டர் ஹொரைசன் ரிக். தோண்டி முடித்தாயிற்று, சிமென்ட் போட்டாயிற்று, கிணற்றைத் தற்காலிகமாக மூடிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். வேலை திட்டத்தைவிட வாரக்கணக்கில் பின்தங்கியிருந்தது. அன்றைக்குக் கரையிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்திருந்தார்கள், ஏழு வருடம் ஒருவருக்கும் வேலை இழப்புக் காயம் இல்லை என்று பாராட்டுவதும் அந்த வருகையில் சேர்த்தி. சேற்றை எடுத்துத் தண்ணீரை விடுவதற்கு முன், சிமென்ட் தாங்குகிறதா என்று நெகட்டிவ் பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும். வேண்டுமென்றே மேலிருக்கும் எடையைக் குறைத்துவிட்டுக் கிணறு பேசுகிறதா என்று கேட்பதுதான் அந்தச் சோதனை.

பேசியது. டிரில் பைப்பின் கேஜில் 1,400 பிஎஸ்ஐ. கில் லைன் என்ற பக்கக் குழாயிலோ ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே கிணற்றோடு இணைந்தவை, இரண்டும் ஒரே மாதிரி காட்ட வேண்டும். இரண்டு சாட்சி. அனுபவசாலிகள் சுற்றி நின்று பேசினார்கள், மேலே இருக்கும் சேற்றின் எடை ரப்பர் வளையம் வழியாக அமுக்குவதால் பைப்பில் அந்த அழுத்தம் காட்டுகிறது என்று ஒரு விளக்கம் வந்தது, நல்ல செய்தி சொன்ன கில் லைனை நம்பி, சோதனை வெற்றி என்று முடித்தார்கள். இரவு பத்து மணிக்கு முன் கிணறு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். 87 நாள் எண்ணெய் கொட்டியது.

அவர்கள் முட்டாள்கள் இல்லை, சோம்பேறிகளும் இல்லை. பல வருடம் வேலை தெரிந்தவர்கள். அவர்களிடம் அன்று இல்லாதது ஒன்றுதான்: எந்த எண் வந்தால் தோல்வி என்று சோதனைக்கு முன்பே எழுதிய தாள். பின்னால் நடந்த விசாரணைகளில் தெரிந்தபடி, அந்தச் சோதனையை எப்படிச் செய்வது, எப்படிப் படிப்பது என்று தெளிவான நடைமுறையே அவர்கள் கையில் இல்லை. எண் வந்த பிறகு அதற்கு அர்த்தம் தேடினால், வீட்டுக்குப் போக ஆசைப்படுகிற மனது வீட்டுக்குப் போகும் அர்த்தத்தைத்தான் கண்டுபிடிக்கும். தீபாவளிக்கு முதல் நாள், ஆள் மாறி வீடு திரும்பும் கிரூ சேஞ்ச் இருந்தால் நமக்கும் அப்படித்தான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். சோதனை தொடங்குவதற்கு முன், காபி குடிக்கிற நேரத்தில், யாருக்கும் அவசரம் இல்லாதபோது, மூன்று வரி எழுதுங்கள். சரியாக இருந்தால் ஒவ்வொரு கேஜும் என்ன காட்ட வேண்டும், எத்தனை நிமிடத்துக்கு. எந்த எண்ணில் நிறுத்துவோம். நிறுத்திய பிறகு யாரைக் கூப்பிடுவோம், அவர் கரையில், அவசரத்துக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். பெரிய எழுத்தில் எழுதி டிரில்லர் அறையில் ஒட்டுங்கள். எண் வந்துவிட்டால் விவாதம் கிடையாது, கிணற்றை மூடிவிட்டுத்தான் பேச வேண்டும். புதிதாக ஒரு விளக்கம் யாராவது சொன்னால், அது சரி என்றால் வேறு எந்தக் கேஜில் என்ன தெரிய வேண்டும் என்று கேளுங்கள், அதைப் போய்ப் பாருங்கள்.

அதே ரிக்கில் இன்னொன்று. பொது அபாயச் சங்கு தானாக அடிக்காதபடி வைக்கப்பட்டிருந்தது, பொய் எச்சரிக்கையால் தூங்குகிறவர்கள் விடியற்காலையில் எழக் கூடாது என்பதற்காக என்று விசாரணையில் ஒரு தொழில்நுட்பப் பணியாளரே சொன்னார். நல்லெண்ணம்தான். உங்கள் இடத்தில் எந்தெந்த அலாரம் அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் கேளுங்கள், அதுவும் தாளில் வர வேண்டும்.

"நிறுத்துங்க" என்று சொல்லும் வாய்

நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சுமை இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் நான் உண்மையாக எழுதியவன் ஆக மாட்டேன். தோட்டத்துப் பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், கங்காணி பெயர் கூப்பிட்ட காலத்திலிருந்து, தண்டல் சொன்னார், கிராணி எழுதினார், துரை கையெழுத்துப் போட்டார் என்றால் அதற்கு மேல் கேள்வி கேட்கக் கூடாது என்று மூன்று தலைமுறை பழகியிருக்கிறோம். என் தாத்தா கேட்டிருந்தால் லயத்து வீட்டையே காலி செய்ய வேண்டியிருந்திருக்கும். அந்தப் பயம் அன்றைக்கு நியாயமானது. ஆனால் அது நம்மோடு ஹெலிகாப்டரில் ஏறி ரிக்குக்கும் வந்துவிடுகிறது. கேஜ் ஒன்று சொல்கிறது, டிரில்லருக்கு மேலதிகாரியான டூல்புஷர் வேறு சொல்கிறார், தம்பி வாயை மூடிக்கொண்டு நிற்கிறான்.

தைரியமாகப் பேசு என்று அறிவுரை சொல்வது "கவனமாக இருக்கவும்" மாதிரிதான், பயன் இல்லை. தாளில் ஏற்பாடு செய்யுங்கள். வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் பேச்சில் வயதில், பதவியில் சின்னவர் முதலில் பேசட்டும், பெரியவர் கடைசியில். "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள், அதனால் "இந்த வேலையில எங்க தப்பு நடக்கும்னு நினைக்கிற?" என்று ஆளுக்கு ஒன்று கேளுங்கள். நீங்களே சின்னவராக இருந்தால், எண்ணைச் சத்தமாக வாசியுங்கள்: "அண்ணே, பைப்ல ஆயிரத்து நானூறு, தாளில பூஜ்யம்னு போட்டிருக்கோம்." இதில் எதிர்த்துப் பேசுவது எதுவும் இல்லை, எண்ணைத்தான் சொல்கிறீர்கள், கேட்கிறவர் முகம் கெடாது, ஆனால் அறையில் எல்லோர் காதிலும் விழுந்துவிடும்.

ஷிப்ட் மாறும்போது

எழுதிய தாள் அடுத்த ஆளுக்குப் போகவில்லை என்றால் எழுதாத மாதிரிதான். வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை, 1988 ஜூலை 6. பகல் ஷிப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு தற்காலிக மூடியைப் போட்டிருந்தார்கள், அது கையால் முடுக்கிய அளவுக்குத்தான் இறுகியிருந்தது. பெர்மிட் என்ற வேலை அனுமதித் தாள் இருந்தது, ஆனால் அந்தச் செய்தி இரவு ஷிப்டின் காதுக்குப் போகவில்லை. இரவில் மற்ற பம்ப் நின்றுபோக, அவர்கள் இதை ஓடவிட்டார்கள். வாயு கசிந்து தீப்பிடித்தது. பக்கத்து மேடைகள் குழாயில் அனுப்புவதை உடனே நிறுத்தவில்லை. 167 பேர் போனார்கள். விசாரணை நடத்திய கல்லன் பிரபு 1990-இல் 106 பரிந்துரைகள் கொடுத்தார், இன்று நாம் கையில் வைத்திருக்கும் பெர்மிட் முறையின் கண்டிப்பில் பாதி அந்தத் தீயிலிருந்து வந்தது.

ஒப்படைப்பை மேசையில் உட்கார்ந்து செய்யாதீர்கள், இயந்திரத்தின் முன் நின்று செய்யுங்கள். போகிறவர் மூன்று விஷயம் சொல்லட்டும்: என்ன கழற்றிக் கிடக்கிறது, எந்த அலாரம், எந்த இன்டர்லாக் (தானாகத் தடுக்கும் பூட்டு) அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, எந்த எண் தனக்கு ஒட்டவில்லை. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், விளக்கம் கண்டுபிடித்துவிட்டோம் என்ற நினைப்பில். வருகிறவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும், பிறகு இருவரும் சேர்ந்து டிரிப் டேங்கையோ கேஜையோ ஒருமுறை பார்த்து, பார்த்த எண்ணையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பத்து நிமிடம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடத்தை ஷிப்ட் நேரத்துக்குள்ளேயே ஒதுக்கச் சொல்லி முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் சாப்பாட்டு மணியும் படகும் அதை எடுத்துக்கொள்ளும்.